நாமகிரித் தாயார் கனவில் சொன்னதா, தானாகக் கண்டுபிடித்ததா? ராமானுஜன் பற்றி மகள் கேட்டவை

பவானிக்காரன்:
வணக்கமுங்க. என் மகள் ஒன்பதாவது படிக்கிறாள். டிசம்பர் 22 அன்று பள்ளியில் ராமானுஜனைப் பற்றி ஐந்து நிமிடம் பேச வேண்டும். நான் ஈரோட்டில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறேன். அவள் கேட்கும் கேள்விக்கெல்லாம் எனக்குப் பதில் தெரியவில்லை.

அவர் ஈரோட்டில் பிறந்தார் என்பதைத் தவிர நம் பக்கத்துக்கும் அவருக்கும் வேறு தொடர்பு உண்டா? நாமக்கல் நாமகிரித் தாயார் கனவில் வந்து கணக்கைச் சொல்லிக் கொடுத்தார் என்கிறார்களே, அது உண்மையா? அப்படியென்றால் அவர் செய்தது என்ன என்று கேட்கிறாள். அப்புறம், தொலைந்துபோன நோட்டுப் புத்தகம் என்கிறார்களே, அது எங்கே தொலைந்தது?

கொடுமுடி டீச்சர்:
தம்பி, முப்பது வருடம் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். முதலில் உங்கள் மகளுக்கு ஒன்று சொல்லுங்கள். ராமானுஜனின் அப்பாவும் ஜவுளிக் கடைக் கணக்கர்தான், கும்பகோணத்தில். அம்மா கோமளத்தம்மாளுக்குத்தான் ஈரோடு பிறந்த வீடு. கோமளத்தம்மாளின் அப்பா இங்கே முன்சீப் கோர்ட்டில் அமீனா. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தபோது, 1887 டிசம்பர் 22 அன்று பிள்ளை பிறந்தது. ஒரு வயதில் கும்பகோணம் போய்விட்டார்.

எங்கள் ஊர்த் தொடர்பைப் பலரும் சொல்வதில்லை. 1919இல் இங்கிலாந்திலிருந்து உடம்பு நொந்து திரும்பினாரே, அந்த வருடம் கொடுமுடியில் வந்து தங்கியிருந்தார். காவிரி கிழக்கே திரும்பும் இடம் இது. ஆற்றங்கரையில் நடக்கும்போதெல்லாம் முப்பத்திரண்டு வயதுகூட நிறையாத அந்தப் பிள்ளை நினைவுக்கு வருவார். காசநோய் என்றுதான் அப்போது வைத்தியம் செய்தார்கள். கல்லீரலில் அமீபா தொற்றாக இருந்திருக்கலாம் என்று 1994இல் யங் என்ற மருத்துவர் எழுதினார். அது உண்மையென்றால், குணப்படுத்தியிருக்கக்கூடிய நோய். எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

இனி கனவு விஷயம். வகுப்பில் நான் புளியங்கொட்டையை வைத்துத்தான் பதில் சொல்வேன். நான்கு கொட்டைகளை எத்தனை விதமாகக் குவியல் போடலாம்? நான்கும் ஒன்றாக, மூன்றும் ஒன்றும், இரண்டும் இரண்டும், இரண்டும் ஒன்றும் ஒன்றும், எல்லாம் தனித்தனியாக. மொத்தம் 5 விதம். ஒன்பது கொட்டைக்கு 30. பதினான்குக்கு 135. பத்தொன்பதுக்கு 490. நான்கில் தொடங்கி ஐந்தைந்தாகக் கூட்டிக்கொண்டே போனால், வரும் விடை எப்போதும் ஐந்தால் மீதியின்றி வகுபடும். இதைக் கண்டுபிடித்தவர் ராமானுஜன்.

எப்படிக் கண்டுபிடித்தார் தெரியுமா? மேக்மஹோன் என்பவர் 200 வரைக்கும் இந்த எண்ணிக்கையைக் கையாலேயே கணக்குப் போட்டு அட்டவணையாக வைத்திருந்தார். 200க்கு வரும் விடை நான்கு லட்சம் கோடிக்குச் சற்றுக் குறைவு. அந்த அட்டவணையை உற்றுப் பார்த்துத்தான் இந்த ஒழுங்கைப் பிடித்தார். அட்டவணை எல்லார் முன்னாலும்தான் இருந்தது. அவர் கண்ணுக்குத் தெரிந்தது. அதோடு நிற்காமல், அது ஏன் என்று நிரூபணமும் எழுதினார்.

சிறு வயதில் காகிதம் வாங்க வசதியில்லை. சிலேட்டில் போட்டு, முழங்கையால் அழித்து, விடையை மட்டும் நோட்டில் எழுதிக்கொள்வார். அவர் படித்து வளர்ந்த கார் என்பவரின் புத்தகமும் பெரும்பாலும் சூத்திரங்களை அடுக்கிவைத்த புத்தகம்தான். நோட்டில் வழிமுறை இல்லாததால் வானத்திலிருந்து விழுந்ததுபோல நமக்குத் தோன்றுகிறது. அழிந்துபோன சிலேட்டுகளை யார் பார்த்தது?

இன்னொன்றும் உண்டு. 1913இல் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதிய கடிதங்களில் பகா எண்களைப் பற்றி அவர் சொன்னது தவறாகிப்போனது. தாயார் சொன்னது தவறுமா? அவரே தேடி, அவரே நம்பி, அவரே தவறினார். உங்கள் மகள் இதைக் கட்டாயம் பேச வேண்டும்.

கமலாலயக்கரை:
டீச்சர் சொன்னதில் பிழையில்லை. ஆனால் நாமக்கல்லில் பிறந்து வளர்ந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். தாயாரை அப்படி ஒதுக்கிவிட முடியாதுங்க. பிள்ளை வரம் கேட்டு அந்தக் குடும்பம் வேண்டிக்கொண்டது எங்கள் நாமகிரித் தாயாரிடம்தான். கடல் கடந்து போவது ஆசாரத்துக்கு விரோதம் என்றிருந்த காலத்தில், தாயார் சன்னிதியில் தங்கி உத்தரவு கேட்டுவிட்டுத்தான் புறப்பட்டார் என்பார்கள். தன் கணக்குக்குத் தாயார்தான் துணை என்று ராமானுஜனே நண்பர்களிடம் சொல்லியிருக்கிறார். ஹார்டிக்கு இதில் நம்பிக்கையில்லை. அது ஹார்டியின் நிலை. நெசவு செய்கிறவர் சாமி கும்பிட்டுவிட்டுத் தறியில் உட்காருகிறார். சேலையை நெய்வது அவர் கைதான். கும்பிட்டதும் பொய்யில்லை. இரண்டையும் அந்தப் பாப்பா பேசட்டும்.

நொய்யல் மாணவி:
கோவையில் எம்.எஸ்சி. கணிதம் படிக்கிறேன். நோட்டுப் புத்தகக் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன் அண்ணா. அது உண்மையில் நோட்டே இல்லை, நூறு பக்கத்துக்கும் மேல் எழுதிய தனித் தாள்கள். கடைசி ஒரு வருடத்தில், படுக்கையில் கிடந்தபடி எழுதியவை. 1920 ஏப்ரல் 26 அன்று அவர் இறந்தபின் சென்னைப் பல்கலைக்கழகம் தாள்களை ஹார்டிக்கு அனுப்பியது. அவரிடமிருந்து வாட்சன் என்ற கணித அறிஞரிடம் போனது. வாட்சன் 1965இல் இறந்தார். அவர் வீட்டில் குவிந்துகிடந்த காகிதங்களிலிருந்து எடுத்துக் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் சேர்த்தார்கள். 1976இல் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் என்ற அமெரிக்கக் கணித அறிஞர் அங்கே தற்செயலாகப் பார்த்தபோதுதான் இன்னதென்று உலகத்துக்குத் தெரிந்தது. அறுநூறுக்கும் மேற்பட்ட சூத்திரங்கள். ஒன்றுக்கும் நிரூபணம் இல்லை. ஆண்ட்ரூஸும் புரூஸ் பெர்ன்ட்டும் சேர்ந்து அவற்றை விளக்கி ஐந்து தொகுதிகள் எழுதினார்கள். கடைசித் தொகுதி 2018இல்தான் வந்தது.

அந்தத் தாள்களில் மாக் தீட்டா சார்புகள் (முடிவில்லாமல் நீளும் கூட்டல் தொடர்கள்) என்று ஒரு வகை இருக்கிறது. 1920 ஜனவரியில் ஹார்டிக்கு எழுதிய கடைசிக் கடிதத்திலும் அதைத்தான் சொன்னார். அவை உண்மையில் என்ன என்று விளங்க 2002 வரை ஆனது. ஸ்வெகர்ஸ் என்ற டச்சு மாணவர் தன் முனைவர் பட்ட ஆய்வில் விளக்கினார். இன்று கருந்துளைகளைப் பற்றிய கணக்குகளிலும் அவை வருகின்றன. டீச்சர், கொடுமுடியில் இருந்தபோதே இதெல்லாம் அவர் மனதில் ஓடியிருக்கும் என்று நினைக்கும்போது எனக்குச் சிலிர்க்கிறது.

பவானிக்காரன்:
எல்லாருக்கும் நன்றிங்க. நேற்று ராத்திரி நானும் மகளும் ஒன்பது புளியங்கொட்டையோடு திண்ணையில் உட்கார்ந்தோம். எத்தனை முறை எண்ணினாலும் 29தான் வந்தது. டீச்சர் 30 என்று சொல்லிவிட்டாரே என்று விடாமல் தேடினாள். பத்தரை மணிக்கு அவளே கண்டுபிடித்தாள்: மூன்று, மூன்று, மூன்று. அதைத்தான் விட்டிருந்தோம். பேச்சுக்குக் கொட்டைகளையும் கையில் கொண்டு போகிறேன் என்கிறாள்.