ஆலோசனைப் பெட்டிச் சாவி சூப்பிரண்டு டிராயரில்: மாற்றம் கேட்டு இறங்குவதா, விடுவதா?

நெல்லிக்காய்:
வணக்கம். ஒரு குழந்தைகள் இல்லம். பிள்ளைகள் குறைகளை எழுதிப் போடும் ஆலோசனைப் பெட்டி சூப்பிரண்டு அறை வாசலில் தொங்குகிறது, சாவி அவர் மேசை டிராயரில். பெட்டி எப்போதும் காலி. பதிவேட்டில் வாராவாரம் 'குறை ஏதுமில்லை' என்று கையெழுத்து மட்டும் ஏறுகிறது. இங்கே கேஸ் ஒர்க்கர் (பிள்ளைகளின் நலனைக் கவனிக்கும் சமூகப் பணியாளர்) மாற்றம் கேட்டு இறங்கலாமா, பொறுத்துப்போவதா என்பதை எதை வைத்து முடிவுசெய்வது? எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) பாடத்தில் வரும் லெவினின் விசைப்புல வரைபடம், அதாவது மாற்றத்தைத் தள்ளும் விசைகளை ஒரு பக்கமும் தடுக்கும் விசைகளை மறுபக்கமும் எழுதிப் பார்ப்பது, தெரியும். அதற்கு முன் என்ன பார்க்க வேண்டும்?

கரிசல்காடு:
முதல்ல இது எந்த ரகக் கோளாறுன்னு பிரிங்க. விதியே இல்லையா, விதி இருந்தும் நடக்கலையா, நடத்த ஆளோ காசோ இல்லையா? இது ரெண்டாவது ரகம். சிறார் நீதி மாதிரி விதிகள் (மாடல் ரூல்ஸ்) 2016-படி பெட்டி பிள்ளைங்க எளிதா போற இடத்துல இருக்கணும். சாவி, இல்லத்தைக் கண்காணிக்கிற மேலாண்மைக் குழுவோட தலைவர்கிட்ட இருக்கணும். அவரோ மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுப் பிரதிநிதியோ வாராவாரம், இல்லத்துப் பிள்ளைங்களே இருக்கிற குழந்தைகள் குழுவோட உறுப்பினர்கள் முன்னாடி திறக்கணும். புதுசா எதுவும் கேக்கப்போறதில்ல, இறங்கலாம். கவுன்சிலர் (மனநல ஆலோசகர்) பணியிடம் காலி, நிதி வரலைன்னா அது மூணாவது ரகம். அதுக்கு சூப்பிரண்டோட மல்லுக்கட்டிப் பிரயோசனமில்ல.

அடுத்தது, சரின்னு சொல்ல அதிகாரம் உள்ளவர் எத்தனை படி மேல? மேலாண்மைக் குழு மாசாமாசம் கூடணும். அந்த அஜெண்டாவுல ஒரு வரி சேர்க்க முடிஞ்சா ஒரே படிதான். கூட்டமே பேப்பர்லதான் நடக்குதுன்னா, பெட்டியை விட்டுட்டு முதல்ல கூட்டத்தை நடக்க வைங்க.

தாழம்பூ:
விதி நம் பக்கம் இருக்கிறது என்பதற்காக மட்டும் இறங்கிவிடக் கூடாது. அடி யார் மேல் விழும் என்று பாருங்கள். சாவி கைமாறிய வாரமே 'சாம்பாரில் பூச்சி' என்று ஒரு சீட்டு வரும். கையெழுத்தையும் கிழித்த நோட்டின் கோட்டையும் வைத்து, எழுதியது யார் என்று இரவுக்குள் ஹவுஸ் மதர் (பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பணியாளர்) கண்டுபிடித்துவிடுவார். அந்தப் பிள்ளைக்கு டிவி போகும், வீட்டுக்குப் பேசும் போனும் போகும். இதைத் தடுக்க வழி இல்லையென்றால் தொடங்கவே வேண்டாம்.

வழி இருக்கிறது. எல்லோருக்கும் ஒரே அளவில் வெட்டிய வெள்ளைத்தாள். வாரம் ஒருநாள் எல்லாப் பிள்ளைகளும் தாளை மடித்துப் போட வேண்டும், வெற்றுத்தாளாக இருந்தாலும் சரி. எழுத வராதவர்கள் படம் வரையட்டும். பெட்டியைக் கேமரா கண்ணில் படாமல் சாப்பாட்டுக்கூடம் போகும் வழிக்கு மாற்றுங்கள். திறந்தபின் விஷயம் மட்டும் பதிவேட்டில் ஏறட்டும், சீட்டுகள் இல்லத்தில் தங்கக் கூடாது.

லெவின் வரைபடத்தில் பலரும் தவறுவது, தள்ளும் பக்கத்தையே கூட்டிக்கொண்டு போவது. தள்ளத் தள்ள எதிர்ப்பும் இறுகும். சமையலறைக் குறையெல்லாம் மாவட்ட ஆபீஸ் ஃபைலில் ஏறிவிடுமே என்பதுதான் பெரும்பாலும் சூப்பிரண்டின் பயம். சாப்பாடு, துணி பற்றிய குறைகளுக்குத் தனி நோட்டு வைத்து, குழந்தைகள் குழுவின் மாதக் கூட்டத்திலேயே பேசித் தீர்க்கலாம் என்று சொல்லிப் பாருங்கள். பாதி எதிர்ப்பு இறங்கிவிடும்.

பனங்கிழங்கு:
நேரமும் முக்கியம். இல்லப் பதிவை 5 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கணும். அதுக்கு முந்தைய சில மாசம் நிர்வாகம் காது கொடுத்துக் கேட்கும். ஆனா தனியா போகாதீங்க, தனிப்பட்ட புகார்னு முத்திரை குத்திடுவாங்க. ஒப்பந்த வேலைன்னா அதோட கதை முடிஞ்சது. கவுன்சிலரையும் ஒரு ஹவுஸ் மதரையுமாவது சேர்த்துக்குங்க. 8 வாரத்துக்கு, பெட்டி திறந்த தேதி, திறந்தவர், வந்த சீட்டு எத்தனைன்னு குறிச்சு வைங்க. பிள்ளைங்க பேர் அதுல வேண்டாம்.

கரிசல்காடு:
புதுப்பிக்கிற நேரத்துலதான் பெட்டிக்கு பெயின்ட் அடிச்சு போட்டோ எடுப்பாங்க சார்! சர்டிபிகேட் வந்ததும் சாவி பழைய டிராயருக்கே வந்துடும். சாவி ஒப்படைச்ச தேதியும் வாங்கினவர் கையெழுத்தும் கூட்ட மினிட்ஸ்ல ஏறலைன்னா மாற்றம் நடந்ததாவே கணக்கில்ல.

தாழம்பூ:
ஒன்று விட்டுப்போயிற்று. சீட்டிலோ பேச்சிலோ பாலியல் துன்புறுத்தல் என்று தெரிந்தால் மேலே சொன்ன கணக்கு எதுவும் பொருந்தாது. போக்சோ (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம்) 19-ஆம் பிரிவின்படி சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ உள்ளூர் காவல் நிலையத்துக்கோ சொல்லியே ஆக வேண்டும். சொல்லாவிட்டால் 6 மாதம் வரை சிறை. தன் கீழ் வேலை செய்பவர் செய்ததை நிறுவனப் பொறுப்பாளர் மறைத்தால் ஓராண்டு வரை. இதற்கு சூப்பிரண்டின் அனுமதியோ மாதக் கூட்டமோ தேவையில்லை.