1939 லண்டன் தொலைபேசிக் கூண்டு: பேசியவனை எப்படிப் பிடிப்பது?

துப்பறியும் நாவல் ஒன்று பாதியில் நிற்கிறது. களம் லண்டன், 1939 செப்டம்பர் 1 இரவு. போர் அறிவிப்புக்கு இரண்டு நாள் முன்பு, விமானத் தாக்குதலுக்கு அஞ்சி ஊர் விளக்குகளை அணைத்துவைக்கும் இருட்டடிப்பின் முதல் இரவு. கொலையாளி தெருமுனைத் தொலைபேசிக் கூண்டிலிருந்து உள்ளூருக்குள் ஒரு போன் பேசுகிறான். அவன் யார் என்று இன்ஸ்பெக்டர் கண்டுபிடிக்க வேண்டும்.

யோசித்துப் பார்த்துக் கழித்தவை: வெளியூர் அழைப்பென்றால் ஆபரேட்டர் சீட்டு எழுதுவார், எண்ணும் நேரமும் சிக்கிவிடும். தானியங்கி எக்ஸ்சேஞ்சில் உள்ளூர் அழைப்புக்குச் சீட்டே கிடையாது. அடுத்து, கைரேகை. இரண்டு பென்னி போட்டு எண்ணைச் சுழற்றி, மறுமுனையில் எடுத்ததும் ஏ பொத்தானை அழுத்தினால் காசு பெட்டிக்குள் விழும். அங்கே மற்ற காசுகளோடு உரசி ரேகை கலைந்துவிடும். பி பொத்தானை அழுத்தினால் காசு திரும்ப வந்துவிடும், ஆனால் அது அழைப்பு கிடைக்காதபோதுதான்.

தெருவிளக்கு இல்லாததால் முகம் பார்த்த சாட்சியும் கிடையாது. பௌர்ணமி கழிந்து மூன்று நாள்தான், நிலவொளியில் பார்த்ததாக எழுதலாம்; ஆனால் அது சோம்பேறித்தனமான தீர்வு. மறுநாளைக்குத் தள்ளினால் இரவில் இடிமழை. அடையாள அட்டையும் உதவாது, அதற்கான கணக்கெடுப்பே செப்டம்பர் 29-ல்தான்.

அன்றைய போலீஸ் கையில் இருந்த வசதிகளை மட்டும் வைத்து, கூண்டுக்குள் நின்றவனைக் காட்டிக்கொடுக்கக்கூடிய தடயம் எது?