புதுப்பிப்பு: கோட்டை மானின் புள்ளிகள் சரிவந்துவிட்டன

போன மாதம் இங்கே ஒன்று கேட்டிருந்தேன்: அஞ்சலட்டை அளவு நீர்வண்ண ஓவியத்தில் திருகோணமலைக் கோட்டைப் புள்ளிமானின் வெள்ளைப் புள்ளிகள் கரைந்துபோகின்றன, என்ன செய்வது என்று. பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி.

முதலில் மாஸ்கிங் திரவத்தை (வண்ணம் படாமல் தாளை மறைத்து, பிறகு உரித்தெடுக்கும் திரவம்) பூசிப் பார்த்தேன். இரவு முழுக்க விட்டதால் உரிக்கும்போது தாளின் மேற்தோலும் சேர்ந்து வந்துவிட்டது. அப்புறம் மெழுகுதிரி யோசனை. அதுதான் கைகொடுத்தது. மெழுகுதிரியின் முனையைச் சீவி, புள்ளி புள்ளியாக அழுத்திவிட்டு மேலே கபிலம் பூசினேன். மெழுகு இருந்த இடத்தில் வண்ணம் ஒட்டவேயில்லை. ஆனால் வெறும் தாளில் வைத்தால் புள்ளி சுண்ணாம்பு மாதிரிப் பளிச்சிடுகிறது. முதலில் இளமஞ்சளை மெல்லிசாகப் பூசி, நன்றாகக் காயவிட்டு, அதன்மேல் மெழுகு வையுங்கள். திருகோணமலைக் கடற்காற்றில் அது காய நான் நினைத்ததைவிட நேரம் எடுத்தது. மெழுகு வைத்தபின் திருத்தவும் முடியாது.

ஏன் இந்த மான் என்று ஒருவர் கேட்டிருந்தார். வெள்ளிக்கிழமைகளில் அம்மம்மா என்னைக் கோணேசர் கோயிலுக்குக் கூட்டிப்போவார். பிரெட்ரிக் கோட்டைக்குள்ளால் ஏறும் வழியில் மான்கள் மர நிழலில் படுத்திருக்கும். அர்ச்சனைத் தட்டு வாழைப்பழத்தின் தோலை நீட்டினால், ஈர மூக்கு உள்ளங்கையில் படும். அந்த மூக்கைத்தான் வரைய ஆசைப்பட்டேன்.

எதிர்பாராத ஒன்று: காயவைத்திருந்த படத்தைப் பார்த்த அம்மா, “இது கோட்டை மான்தானே?” என்றார். பின்னணியில் நான் கோட்டையை வரையவேயில்லை.