பனியில் ஆறே நிமிடத்தில் நின்றுவிடும் ரிமோட் கார்: பழுது பற்றரியிலா, ஈஎஸ்சியிலா?

கேள்வி

வணக்கம். நான் ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபறோவில் வசிக்கிறேன். நிஜக் காரில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள, நான்கு சக்கர இழுவை கொண்ட ரிமோட் கார் ஒன்று என்னிடம் இருக்கிறது. தண்ணீர் புகாதது என்று பெட்டியில் எழுதியிருந்ததை நம்பி, கடந்த சனிக்கிழமை −14 பாகைக் குளிரில், எங்கள் அடுக்குமாடியின் வாகனத் தரிப்பிடத்தில் மகனுடன் அதை ஓட்டினேன். கோடையில் இருபது நிமிடம் தாங்கும் இரண்டு செல் லைப்போ (லிதியம் பொலிமர்) பற்றரி ஆறாவது நிமிடத்திலேயே கைவிட்டது. விசையை அழுத்தினால் கார் ஒருமுறை துள்ளிவிட்டு அடங்கிவிடுகிறது. ஆனால் வீட்டுக்குள் கொண்டுவந்து அரை மணிநேரம் சென்றபின், அதே பற்றரியில் ஒன்றுமே நடக்காதது போல ஓடியது.

மறுநாள் காலை வீட்டுக்குள், புதிதாகச் சார்ஜ் செய்த வேறொரு பற்றரியைப் பூட்டியபோது, முன்சக்கரங்கள் தாமாகவே இடமும் வலமும் துடித்தன. போதாக்குறைக்கு, பனியில் ஓட்டும்போது நடைபாதை விளிம்பில் மெதுவாகத் தட்டியதற்கே முன்சக்கரத்தைத் தாங்கும் சஸ்பென்ஷன் ஆர்ம் விசுக்கோத்துப் போல முறிந்திருந்தது. மோட்டருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் ஈஎஸ்சி (மின்னணு வேகக் கட்டுப்படுத்தி) பழுதாகிவிட்டது என்று நினைக்கிறேன். புதிதாக வாங்குவதற்கு முன் இங்கே கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன்.

மறுமொழி 1

பொறுங்கள் தம்பி, இப்போதைக்கு எதையும் வாங்க வேண்டாம். சனிக்கிழமை ஓட்டிய பற்றரியை இன்னும் சார்ஜ் செய்யவில்லை என்றால், அதன் இரண்டு செல்களையும் தனித்தனியாக அளந்து சொல்லுங்கள்.

கேட்டவர்

நல்லவேளையாகச் சார்ஜ் செய்யவில்லை, அண்ணா. ஒன்று 3.86 வோல்ற், மற்றது 3.85.

மறுமொழி 1

அப்படியென்றால் அந்தப் பற்றரியில் இன்னும் ஏறத்தாழப் பாதி மின்சாரம் இருக்கிறது. உங்கள் ஈஎஸ்சியும் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. குளிரில் லைப்போவின் உள்தடை கூடிவிடும். பனியை உழுதுகொண்டு போகும் மோட்டர் வழக்கத்தைவிட அதிக மின்னோட்டத்தை இழுக்கும்போது, வோல்ற் அளவு கணநேரத்துக்குச் சரிந்து, செல்லுக்கு 3.2 போன்ற வெட்டு எல்லையைத் தொட்டுவிடுகிறது. பற்றரி தீர்ந்துவிட்டது என்று எண்ணி ஈஎஸ்சி ஓட்டத்தை நிறுத்திவிடுகிறது. அதற்காக வெட்டு எல்லையை அணைத்து வைத்துவிட்டு ஓட்டாதீர்கள்; செல் கெட்டுவிடும்.

பற்றரியை வெளியே போகும்வரை ஜக்கெற்றின் உட்பையில் வைத்திருந்து, ஓட்டுவதற்குச் சற்று முன் பூட்டுங்கள். ஓட ஆரம்பித்துவிட்டால் அதன் சொந்தச் சூடே அதற்குப் போதும். மோட்டர் அச்சில் உள்ள சிறு பற்சக்கரமான பினியனில் ஒன்றிரண்டு பற்கள் குறைந்ததைப் போட்டால் மோட்டரின் சுமையும் குறையும். எல்லாவற்றையும்விட முக்கியமானது, குளிர்ந்த பற்றரியை உள்ளே கொண்டுவந்த கையோடு சார்ஜரில் மாட்டக்கூடாது என்பது. பூச்சியம் பாகைக்குக் கீழே சார்ஜ் செய்தால் லிதியம் உலோகமாக எதிர்முனையில் படிந்து, கொள்ளளவு நிரந்தரமாகக் குறையும். உள்ளுக்குள்ளேயே ஷோர்ட் ஆகும் ஆபத்தும் உண்டு. அறைச் சூட்டுக்கு வரும்வரை காத்திருங்கள்.

மறுமொழி 2

சக்கரத் துடிப்பு இதிலிருந்து வேறான கோளாறு என்றே படுகிறது, ஏனெனில் சூடான அறையில், முழுச் சார்ஜ் உள்ள பற்றரியிலும் அது வந்திருக்கிறது. உறைந்த காரை நேராக வரவேற்பறைக்குக் கொண்டுவந்தால், மூக்குக்கண்ணாடியில் ஆவி படிவதைப் போல, காரின் ஒவ்வொரு குளிர்ந்த பாகத்திலும் ஈரம் படிகிறது. ரிமோட்டின் சைகையை வாங்கும் ரிசீவரின் பெட்டிக்குள் அப்படிப் படிந்த ஈரத்தை, தண்ணீரை வெளியே தடுக்கும் அதே ரப்பர் வளையமே வெளியேற விடாமல் அடைத்து வைத்துக்கொள்கிறது. பெட்டியைத் திறந்து ஒரு நாள் உலரவிட்டு, வயர்கள் நுழையும் இடத்தில் சிலிக்கோன் கிரீஸ் பூசி மூடுங்கள். இனிமேல் காரை ஒரு பிளாஸ்ரிக் பையில் இறுகக் கட்டி உள்ளே கொண்டுவாருங்கள். ஈரம் பையின் வெளிப்பக்கத்தில் படியும்.

தரிப்பிடம் என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கே பனியைக் கரைக்க உப்புத் தூவியிருப்பார்கள். ஸ்குரூத் தலைகளில் வெள்ளையாகப் பொடி பூத்திருக்கிறதா என்று பாருங்கள். உப்பு நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், பெயரிங்கையும் ஒரே வாரத்தில் தின்றுவிடும். மிதிபடாத பனியுள்ள பூங்கா மைதானம்தான் காருக்கு நல்லது.

மறுமொழி 3

நான் ஒவ்வொரு முறையும் கார் முழுவதற்கும் டபிள்யூடி-40 அடித்துவிட்டு வைத்துவிடுவேன். வேறு எதுவும் செய்வதில்லை.

மறுமொழி 2

அது ஈரத்தை விரட்டும் என்பது உண்மைதான். ஆனால் பெயரிங்கில் இருக்கும் கிரீஸையும் சேர்த்துக் கழுவிவிடும். அதன்பின் ஒவ்வொரு பெயரிங்கிலும் ஒரு சொட்டு எண்ணெய் விடாவிட்டால், அடுத்த ஓட்டத்தில் கிரீச்சிடும்.

மறுமொழி 1

முறிந்த ஆர்மைப் பற்றி ஒரு சொல். கோடையில் வளைந்து கொடுக்கும் நைலோன், இந்தக் குளிரில் வளையாமல் ஒடிந்துவிடும். அலுமினியத்தில் போடச் சொல்வோர் உண்டு. அது முறியாது, ஆனால் அடியை உள்ளே இருக்கும் விலை கூடிய பாகத்துக்குக் கடத்திவிடும். மலிவான பிளாஸ்ரிக் ஆர்ம் இரண்டை மேலதிகமாக வாங்கி வைத்திருப்பதே என் வழக்கம். இன்னொன்று: இடையில் பத்து நிமிடம் காரை நிறுத்தி வைக்காதீர்கள். மோட்டர் சூட்டில் கரைந்த பனி, அச்சைச் சுற்றி மறுபடி உறைந்துவிடும். அதை அறியாமல் விசையை அழுத்தினால் கியரின் பற்கள் கழன்றுவிடும்.

கேட்டவர்

ரிசீவர் பெட்டியைத் திறந்தேன். மூடியின் உட்புறத்தில் கடுகளவு நீர்த்துளிகள் நான்கைந்து இருந்தன. உலர்த்தி மூடியபின் துடிப்பு நின்றுவிட்டது. நேற்று −11 பாகையில், பற்றரியை உட்பையில் சூடாக வைத்திருந்து, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் உள்ள மைதானத்தில் ஓட்டினோம். பினியனை மாற்றாமலே பதினாறு நிமிடம் ஓடியது. வெள்ளைப் பொடி விடயமும் சரிதான்: பின்பக்க இடது பெயரிங் இரண்டும் துருவேறி, கையால் சுழற்றினால் மணல் அரைபடுவது போலச் சத்தம் வருகிறது. அவற்றுக்கும் ஆர்முக்கும் ஓடர் கொடுத்துவிட்டேன். ஈஎஸ்சி வாங்கவில்லை.