மறு: ‘சர்க்கிள் ஆஃப் ஃபிஃப்த்ஸ்’ – தமிழில் என்ன? (வெள்ளிக்குள் தேவை)

அன்பர்களே,

இசைக் கோட்பாட்டுப் பாடம் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒவ்வொரு சுரத்துக்கும் அடுத்து அதன் பஞ்சமத்தை (ச-வுக்கு ப போல) வைத்துப் பன்னிரண்டு சுரங்களையும் வட்டமாக அடுக்கும் படம்தான் ‘சர்க்கிள் ஆஃப் ஃபிஃப்த்ஸ்’. அதற்கு ‘ஐந்தாம் சுர வட்டம்’ என்று போட்டுவைத்தேன், அது இடறுகிறது. படத்தில் ஆர்மோனியத்தின் பன்னிரண்டு கட்டைகளும் இருக்கின்றன. ‘ஐந்தாம்’ என்று படித்த மாணவர் ச-வை ஒன்றாக வைத்து ஐந்து கட்டை எண்ணினால் அந்தர காந்தாரத்தில் (க-வின் உயர்ந்த வகை) போய் நிற்பார். ப வரவேண்டுமானால் ச-வை எண்ணாமல் ஏழு கட்டை ஏறவேண்டும். எண் இல்லாத சொல்லாக, படத்துக்குள் அடங்கும்படி சிறியதாகக் கிடைத்தால் நல்லது.

* * *

> எண் இல்லாத சொல்லாக

நம்மிடமே இருக்கிறது: இளி. பஞ்சமத்தின் பழம்பெயர். ‘இளிவட்டம்’ எனலாம். இந்தச் சுற்றே நமக்குப் புதிதன்று. சிலப்பதிகார உரைகளில் நரம்பின் (சுரத்தின்) பிறப்பைச் சொல்லும் இடம் நினைவிருக்கும்: தாரத்துள் உழை, உழையுள் குரல், குரலுள் இளி, இளியுள் துத்தம், துத்தத்துள் விளரி, விளரியுள் கைக்கிளை. இன்றைய பெயரில் நி–ம–ச–ப–ரி–த–க. ஒவ்வொன்றும் முன்னதற்குப் பஞ்சமம். ஏழையும் வரிசையாக அடுக்கினால் செம்பாலை என்ற பழம்பண், அதாவது இன்றைய அரிகாம்போதி ராகம்.

* * *

இளி வேண்டாம், ஐயா. வகுப்பில் அந்தச் சொல்லைச் சொன்னதும் பிள்ளைகள் பல்லைத்தான் காட்டுவார்கள். தொல்காப்பியம் சொல்லும் எட்டு மெய்ப்பாடுகளில் ஒன்றான இளிவரல் என்றாலும் இழிவு. ‘பஞ்சம வட்டம்’ என்றால் பாட்டுப் படிக்கும் எவருக்கும் உடனே புரியும். விளங்குவதற்குத்தானே கலைச்சொல்?

* * *

உழை என்றால் மான், தாரம் என்றால் மனைவி, குரல் என்றால் தினைக்கதிரும் உண்டு. பல பொருள் இருப்பதால் எந்தச் சொல்லும் கெட்டுப்போகவில்லை.

ஆனால் இளியைவிடப் பொருத்தமானது ‘கிளை’. பழைய இலக்கணத்தில் நரம்புகளுக்குள் இணை, கிளை, பகை, நட்பு என்று உறவு சொல்வார்கள். கிளை என்பது ஐந்தாம் நரம்பு. கிளைத்தல் என்ற வினையிலேயே ஒன்றிலிருந்து ஒன்று பிறப்பது இருக்கிறது. சுற்றம் என்ற பொருளும் உண்டு, சுற்றமோ சுற்றிலிருந்து வந்தது! கிளை நரம்புகள் என்று உரை காட்டுபவை குரல், இளி, துத்தம், விளரி, கைக்கிளை என்ற ஐந்து. ச ப ரி த க. மேலிருந்து கீழாக ஒழுங்குபடுத்திப் பாடிப் பாருங்கள், மோகனம். கைக்கிளையின் பெயரிலேயே கிளை ஒட்டிக்கொண்டிருப்பதும் தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. என் வாக்கு ‘கிளைவட்டம்’.

* * *

கைக்கிளையின் ‘கை’ சிறுமை குறித்தது. ஒருதலைக் காமத்துக்கும் அதே பெயர். அதிலிருந்து பஞ்சம உறவை வருவிப்பது வலிந்து கொள்வது. சுற்றம்–சுற்று என்பதும் அழகாக இருக்கிறதே தவிர, சொல்லாக்கத்துக்கு உதவாது.

‘வட்டப்பாலை’ என்று சிலர் தனிமடலில் கேட்டார்கள். அதைத் தொடக்கூடாது. பழந்தமிழ் இசையில் ஆயப்பாலை, சதுரப்பாலை, திரிகோணப்பாலை, வட்டப்பாலை என்ற நால்வகைப் பாலைகளில் ஒன்றாக அதற்கு ஏற்கெனவே இடம் இருக்கிறது. ‘கருணாமிர்த சாகரம்’ (1917) அதைப் பக்கம் பக்கமாக ஆராய்கிறது. இருக்கும் கலைச்சொல்லின் மேல் இன்னொன்றை ஏற்றினால் இரண்டும் பாழ்.

* * *

நீங்கள் எல்லாரும் முன்பாதிக்குச் சண்டை போடுகிறீர்கள். எனக்கு ‘வட்டம்’தான் உறுத்துகிறது. அது வட்டமே இல்லை.

தூய பஞ்சமத்தின் அதிர்வெண் ச-வினுடையதைப் போல 3/2 மடங்கு, அதாவது 701.955 சென்ட் (அரைச்சுரம் 100 சென்ட்; ச முதல் மேல் ச வரை, அதாவது ஒரு ஸ்தாயி, 1200). பன்னிரண்டு முறை ஏறினால் 8423.46. ஏழு ஸ்தாயி 8400. 23.46 சென்ட் மிஞ்சுகிறது, அரைச்சுரத்தில் ஏறக்குறைய கால் பங்கு. பதினொரு பஞ்சமத்தைத் தூய்மையாகச் சேர்த்துவிட்டுக் கடைசியை மிச்சத்துக்கு விட்டால் அது 678.5 சென்ட்டில் அலறும். அதனால்தான் கட்டை வாத்தியங்களில் ஒவ்வொன்றிலும் சுமார் 2 சென்ட் குறைத்து 700 ஆக்குகிறார்கள். அப்போதுதான் முனை கூடி வட்டம் ஆகிறது.

இன்னொன்று. ச-வில் தொடங்கி நான்கு பஞ்சமம் ஏறிக் கிடைக்கும் காந்தாரம் 81/64, 407.8 சென்ட். தம்புராவின் மந்தரத் தந்தியில் (தாழ்ந்த ச) தானாக எழும் அந்தர காந்தாரம் 5/4, 386.3 சென்ட். காது தேறியவர் இந்த வேறுபாட்டை உடனே பிடித்துவிடுவார். ஆகவே ‘சுருள்’ என்பதே சரி: இளிச்சுருள், கிளைச்சுருள், எதுவானாலும்.

* * *

சுருள் கணக்குக்குச் சரி. பாடத்தில் இது எதற்கு வருகிறது என்றும் பார்க்கவேண்டும். பன்னிரண்டு சுரத்தானங்களையும் பஞ்சமமாக வரிசைப்படுத்துங்கள் (எண் அந்தச் சுரத்தின் வகை, சிறிய எண் தாழ்ந்தது):

ரி1 த1 க2 நி2 ம1 ச ப ரி2 த2 க3 நி3 ம2

இதில் அடுத்தடுத்த ஏழை வெட்டி எடுங்கள். ச-வில் தொடங்கினால் கல்யாணி (72 மேளகர்த்தா ராகங்களில் 65-ஆவது). ஒரு படி இடப்பக்கம் நகர்ந்து ம1-இல் தொடங்கினால் சங்கராபரணம் (29). அடுத்து அரிகாம்போதி (28), கரகரப்பிரியா (22), நடபைரவி (20), தோடி (8). ஒவ்வொரு நகர்த்தலிலும் ஒரே ஒரு சுரம் அரைப்படி இறங்குகிறது. இன்னும் ஒரு படி நகர்ந்தால் ப விழுந்து இரண்டு மத்தியமமும் வந்துவிடும். அதற்கு 72-இல் எண் கிடையாது. செம்பாலையின் கைக்கிளையைக் (க) குரலாக (ச) வைத்துப் பெறும் செவ்வழிப்பாலை என்ற பழம்பண் அதுவே.

ஐந்து ஐந்தாக வெட்டினால் அதே வரிசையில் மோகனம், சுத்த சாவேரி, மத்தியமாவதி, சுத்த தன்யாசி, இந்தோளம். ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகள் தொடர்ந்த ஏழு, கறுப்புக் கட்டைகள் மிஞ்சிய தொடர்ந்த ஐந்து. ஏழை நகர்த்திக்கொண்டே போகும்போது ம2-க்கு அடுத்து மறுபடி ரி1 வரவேண்டும். மாணவருக்கு இது தெரிய முனை கூடியாக வேண்டும். எனவே வட்டம் இருக்கட்டும்.

* * *

எல்லாருக்கும் நன்றி. வந்த வாக்குகள்: பஞ்சம வட்டம் 5, இளிவட்டம் 3, கிளைவட்டம் 1, சுருள் 1. தலைப்பில் ‘பஞ்சம வட்டம்’, முதல் முறை வரும் இடத்தில் ‘இளிவட்டம்’ என்று அடைப்புக்குறிக்குள். 23.46 சென்ட் மிச்சத்துக்குத் தனிப்பத்தி சேர்த்துவிட்டேன். அதற்கும் ஒரு சொல் வேண்டும், ‘எச்சம்’ என்று போட்டிருக்கிறேன்.

* * *

எச்சமா? பெயரெச்சம், வினையெச்சம் படித்த பிள்ளைகள் குழம்புவார்கள். ‘மிகை’ என்று போடுங்கள். வட்டத்துக்கு என் மறுப்பு அப்படியே நிற்கிறது. படத்திலாவது ம2-க்கும் ரி1-க்கும் நடுவில் கோட்டைப் புள்ளிக்கோடாகப் போட்டுக்கொடுங்கள்.