பெட்டியில் வரும் போர்ப்பொருள்கள்: சின்ன அருங்காட்சியகம் நடத்துவோர் சொல்வது

சின்ன ராணுவ அருங்காட்சியகத்துக்குப் பொருள்கள் பெரும்பாலும் அட்டைப்பெட்டியில்தான் வரும். "தாத்தாவோடது, வீட்ல வைக்க இடமில்லை" என்று மேசைமேல் வைத்துவிட்டுக் கிளம்புவார்கள். விடக் கூடாது. நன்கொடையா, இரவலா? அன்றைக்கே எழுத்தில் கையெழுத்தோடு வாங்கிவிட வேண்டும். "நிரந்தர இரவல்" என்ற பேச்சுக்கே இடம் தராதீர்கள். இருபது வருஷம் கழித்துப் பேரன் வந்து நின்றால் செலவு உங்களுடையது, பொருள் அவருடையது.

பதிவேட்டில் 2024.12.3 என்றால் 2024இல் பன்னிரண்டாவதாக வந்த நன்கொடையின் மூன்றாவது உருப்படி. இந்த எண்ணை உலோகத்தின்மேல் நேராக எழுதாமல், அசிட்டோனில் கரைத்த பாராலாய்டு பி-72 என்ற நிறமற்ற பிசினை ஒரு பூச்சு கொடுத்து, காய்ந்தபின் எழுதி, மேலே இன்னொரு பூச்சு. மை அசிட்டோனில் கரையாததாக இருக்கட்டும். இல்லையென்றால் மேல்பூச்சிலேயே எண் கலைந்துவிடும். பிளாஸ்டிக்கிலும் பெயின்ட் அடித்த பரப்பிலும் இந்த வேலை ஆகாது, அட்டை கட்டித் தொங்கவிடுங்கள். சீருடைக்குப் பருத்தி நாடாவில் எழுதித் தைத்தால் போதும்.

—

பதிவேடு இருக்கட்டும், முதலில் பெட்டிக்குள் என்ன இருக்கிறதென்று பாருங்கள். கையெறி குண்டோ பீரங்கி ஷெல்லோ இருந்தால் கை வைக்கவே வேண்டாம். "உள்ளே காலிதான் சார்" என்பதற்கு மதிப்பில்லை; உடல் காலியாக இருந்தாலும் மூக்கிலுள்ள ஃப்யூஸ், அதாவது வெடியைத் தூண்டும் பகுதி, தனியாகவே வெடிக்கும். பழைய ஷெல்கள் சிலவற்றில் இருந்தது பிக்ரிக் அமிலம் என்ற வெடிமருந்து. அது உலோகத்தோடு சேர்ந்து உண்டாக்கும் உப்புகள் சின்ன உரசலுக்கே வெடிப்பவை. தூக்கிக்கொண்டு போய் வாசலில் வைப்பதுதான் எல்லாரும் செய்யும் தவறு. இருந்த இடத்திலேயே விட்டு, ஆட்களை வெளியேற்றி, போலீசைக் கூப்பிடுங்கள்.

சத்தமில்லாத ஆபத்து இரண்டு. இரண்டாம் உலகப்போர் கால வாயு முகமூடிகளின் வடிகட்டியில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம். பள்ளிப் பிள்ளைகளுக்கு மாட்டிக் காட்டுவது அடியோடு கூடாது. பாலித்தீன் பையில் அடைத்து, எச்சரிக்கை ஒட்டி வையுங்கள். இன்னொன்று, இருட்டில் ஒளிர்ந்த திசைகாட்டி, விமான மீட்டர், கைக்கடிகாரம். இப்போது ஒளிரவில்லையே என்று நம்பி மூடியைத் திறக்காதீர்கள். செத்துப்போனது பெயின்டில் ஒளிர்ந்த துத்தநாக சல்பைடு மட்டும்; அதை ஒளிர வைத்த கதிரியக்க ரேடியம் அப்படியே இருக்கும். ரேடியம்-226இன் அரை ஆயுள் 1,600 ஆண்டு. உதிர்ந்த பெயின்ட் தூசு மூச்சில் போனால் வம்பு. ரேடியத்திலிருந்து ரேடான் என்ற கதிரியக்க வாயுவும் வரும் என்பதால் பலவற்றை ஒரே அடைத்த அலமாரியில் குவிக்க வேண்டாம்.

—

உதவிக்கு வருகிறவர் நல்லெண்ணத்தில் செய்யும் முதல் கேடு, பித்தளைக்குப் பாலிஷ் போடுவது. தொப்பிச் சின்னத்தின் எழுத்து ஒவ்வொரு தேய்ப்பிலும் கொஞ்சம் போகும், இடுக்கில் வெள்ளையாகப் படிவு நிற்கும். தோல் பெல்ட்டின் பித்தளைக் குமிழைச் சுற்றிப் பச்சையாக, மெழுகு மாதிரி பிசுக்கென்று இருக்கிறதே, அது களிம்பு. தோலிலுள்ள கொழுப்பும் செம்பும் சேர்ந்து வருவது. பல்குத்தும் குச்சியால் மெதுவாக நெம்பியெடுத்தாலே போதும். தோலுக்கு எண்ணெய் போட்டால் அடுத்த களிம்புக்குத் தீனி போட்ட கணக்கு. தோல் சிவப்பு மாவாக உதிர்ந்தால் எண்ணெயால் அது திரும்பாது. கிளூசெல் ஜி என்ற பொடியை எத்தனாலில் 1–2% கரைத்துத் தடவினால் உதிர்வது அடங்கும்.

—

கம்பளிச் சீருடையில் அந்துப்பூச்சி என்றால் பாச்சை உருண்டையைத் தேடாதீர்கள். பாலித்தீனில் சுற்றி, காற்றைப் பிதுக்கி எடுத்து, டேப்பால் மூடி, மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம். எடுத்ததும் பிரிக்கிறார்கள், அங்கேதான் கோட்டை விடுவது: குளிர்ந்த துணிமேல் ஈரம் படியும். பையோடு ஒருநாள் அறையில் கிடக்கட்டும். காட்சிக்கு வைத்தபின் வெளிச்சம் 50 லக்ஸுக்குமேல் வேண்டாம்.

—

காட்சிப்பெட்டி மரத்தையும் கவனியுங்கள். ஓக் மரம் விடும் அசிட்டிக் அமில ஆவியில் ஈயத் தோட்டாக்கள் வெள்ளைப் பொடி பூக்கும். அது நஞ்சு, ஊதித் தள்ளாமல், நைட்ரைல் கையுறை போட்டு எடுத்து மூடிய டப்பாவில் வையுங்கள். வெள்ளிப் பதக்கத்துக்கு எதிரி கம்பளி ஃபெல்ட் விரிப்பு. அதிலிருந்து வரும் கந்தகம்தான் பதக்கத்தைக் கறுக்க வைக்கிறது, பருத்தித் துணிக்கு மாற்றுங்கள்.