பிஎம்பி-2 டேங்கைத் தூக்கிவிடுகிறது: எந்த எண்ணில் கைவைப்பது?

கேள்வி: குன்றுமுனை

20-க்கு 20 பேர் ஆடும் கணினிப் போர் விளையாட்டுச் சர்வருக்கான மோட் (விளையாட்டை மாற்றியமைக்கும் கோப்புகள்). மேப் 2 கி.மீ. சதுரம். இரண்டு அணிக்கும் ஒரே வாகனங்கள்: ஒரு டி-72 டேங்க், காலாட்படையை ஏற்றிப்போகும் பிஎம்பி-2 கவச வண்டி இரண்டு. தொடக்கத்தில் வைத்த எண்கள் இவை. டேங்குக்கு உயிர் 2000, பிஎம்பிக்கு 1100. டேங்க் குண்டு ஒன்றுக்கு 900 சேதம், மறுபடி சுட 7 விநாடி. பிஎம்பியின் 30 மி.மீ. பீரங்கி நிமிடத்துக்கு 550 ரவுண்டு, ரவுண்டுக்கு 22 சேதம். ஏவுகணைக்கு 1200.

பிஎம்பிக்காரர்கள் குன்றின் மேல் ஏறி நின்று ஏவுகணையைப் போட்டு, மிச்சத்தைப் பீரங்கியால் முடிக்கிறார்கள். காலாட்படையை யாரும் ஏற்றுவதில்லை. பிறகு ரவுண்டு சேதத்தை 20% குறைத்தும் குன்றின் மேல் இருப்பவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆட்களோடு உள்ளே போகிற பிஎம்பிதான் செத்துப்போகிறது. என்ன செய்யலாம்?

பதில் 1: எஃகுத்தோல்

கணக்குப் போட்டாலே காரணம் தெரிந்துவிடும். விநாடிக்கு 9.17 ரவுண்டு, தலா 22. அதாவது விநாடிக்கு சுமார் 202 சேதம். பீரங்கி மட்டும் என்றால் டேங்கை முடிக்க 9.9 விநாடி. டேங்க் பிஎம்பியை இரண்டாவது குண்டில், 7 விநாடியில் முடிக்கிறது. இதில் டேங்க்தான் ஜெயிக்கும், அது சரி. ஆனால் ஏவுகணை முதலில் பட்டால் மிச்சம் 800தான். அதற்கு 4 விநாடி போதும். நீங்கள் 20% குறைத்ததால் அந்த 4 விநாடி 5 ஆனது, அவ்வளவே. பிஎம்பிக்கு எதிராகப் பிஎம்பி சண்டையோ 5.5 விநாடியிலிருந்து 6.8-க்குப் போய்விட்டது. தப்பான இடத்தில் வெட்டிவிட்டீர்கள். 22-ஐப் பழையபடி வையுங்கள்.

முதல் கோளாறு, டேங்குக்கு எல்லாப் பக்கமும் ஒரே தோலாக இருப்பது. டி-72 உடலின் பக்கவாட்டுக் கவசம் 80 மி.மீ., பின்பக்கம் 40 மி.மீ. 30 மி.மீ. பீரங்கியின் 3யூபிஆர்8 என்ற கவசத் துளைப்பு ரவுண்டு 1500 மீட்டரில் 60 பாகை சாய்ந்த 25 மி.மீ. தகட்டைத் துளைக்கும், குண்டு போகும் வழியில் அளந்தால் அது சுமார் 50 மி.மீ. ஆக, அந்தத் தூரத்தில் பக்கவாட்டின் மேல்தகடு உடையாது, பின்பக்கம் உடையும். பீரங்கிச் சேதத்தைப் பெருக்கும் எண்ணை (பெருக்கெண்) முன்பக்கம் 0, பக்கம் 0.1, பின்பக்கம் 0.6 என்று வையுங்கள்.

பூஜ்யம் என்றதும் பயப்பட வேண்டாம். உயிர் குறையாவிட்டாலும் பார்வைக் கருவி, சங்கிலிப் பட்டை, புகைக்குண்டுக் குழல்கள் உடைய வேண்டும். கண் போன டேங்க் பின்வாங்கித்தான் ஆக வேண்டும்; பிஎம்பிக்கு அதுவே பெரிய வெற்றி.

பதில் 2: கம்பிவழி

எஃகுத்தோல் சொன்னதோடு ஏவுகணையையும் சரிசெய்ய வேண்டும். பிஎம்பி-2இல் கொங்கூர்ஸ் என்ற டேங்க் எதிர்ப்பு ஏவுகணைக்கான ஏவுகுழாய் ஒன்றுதான். வண்டியை நிறுத்தித்தான் ஏவ முடியும். மறுபடி ஏற்ற ஒருவர் மூடியைத் திறந்து வெளியே உடம்பைக் காட்ட வேண்டும். உங்கள் மோடில் பட்டனை அழுத்தினால் உள்ளேயே ஏறிக்கொள்கிறது என்று ஊகிக்கிறேன். ஏற்றும் நேரத்தை 25 விநாடியாக்கி, அதுவரை வண்டித் தளபதியின் மேல் எதிரியின் குண்டு படும்படி வையுங்கள்.

வேகத்தையும் பாருங்கள். கொங்கூர்ஸ் விநாடிக்கு ஏறத்தாழ 200 மீட்டர்தான் போகும். 1000 மீட்டர் தாண்ட 5 விநாடி. அதுவரை குறியை இலக்கிலேயே வைத்திருக்க வேண்டும். டேங்குக்குப் புகை போட்டு நகர அந்த 5 விநாடி போதும். பல மோடுகளில் இதை 400-க்கு ஏற்றிவிடுகிறார்கள். அப்போது டேங்க்காரர் என்ன வந்தது என்று பார்ப்பதற்குள் வெடித்துவிடும்.

குன்றுப் பிரச்சினைக்கு நேரான மருந்து வேறு: பீரங்கி கீழே சாயும் கோணம். நிஜ பிஎம்பி-2இல் அது 5 பாகைதான். எல்லா வாகனத்துக்கும் ஒரே கோப்பை நகலெடுத்து 10, 12 பாகை என்று விட்டிருந்தால், முகட்டுக்குப் பின்னால் உடலை மறைத்துக்கொண்டு டரட்டை (சுழலும் பீரங்கிக் கூண்டை) மட்டும் காட்டிச் சுடலாம். 5 ஆக்குங்கள். கீழே சுட வேண்டுமென்றால் முழு உடலும் முகட்டைத் தாண்டி வந்தாக வேண்டும்.

பதில் 3: பின்கதவு

இவ்வளவையும் குறைத்தால் பிஎம்பியை யாரும் எடுக்க மாட்டார்கள். பதிலுக்கு ஏதாவது கொடுத்தே ஆக வேண்டும். அது ஏழு பேரை ஏற்றும் வண்டி. அந்த வேலைக்கு இப்போது புள்ளியே இல்லை என்பதுதான் எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது. ஆள் இறங்கிய 60 விநாடிக்குள் வண்டியிலிருந்து 150 மீட்டருக்குள் அவர் எடுக்கும் புள்ளியில் பாதி ஓட்டுநருக்கும் கன்னருக்கும் போகட்டும். வண்டி 5 விநாடி அசையாமல் நின்று, 50 மீட்டருக்குள் எதிரி இல்லையென்றால் அணியினர் அதில் ரெஸ்பான் ஆகலாம் (செத்தபின் மறுபடி களமிறங்கலாம்).

மேல்நோக்கிய கோணத்தில் மட்டும் கைவைக்காதீர்கள். பிஎம்பி-2இன் பீரங்கி சுமார் 74 பாகை வரை நிமிரும். ஆப்கன் மலைகளில் பிஎம்பி-1இன் 73 மி.மீ. பீரங்கி உயரத்தை எட்டாமல் திண்டாடியது. அந்தக் குறை இதில் தீர்ந்தது. கிட்டத்தில் இருக்கும் நான்காம் மாடி ஜன்னலையும் ஹெலிகாப்டரையும் டேங்க் பீரங்கியால் தொட முடியாது, இது தொடும். கட்டடங்களுக்கு நடுவே அணிகள் கைப்பற்ற வேண்டிய ஓர் இடத்தை வைத்தால், வண்டி தானாகக் குன்றைவிட்டு இறங்கி வரும்.

குன்றுமுனை

சாய்வுக் கோணம் 12 என்றுதான் இருக்கிறது, டி-72 கோப்பிலிருந்து வந்தது. எந்த வரிசையில் மாற்றலாம்?

பதில் 4: எஃகுத்தோல்

முதலில் கோணம், அடுத்து கவசப் பெருக்கெண், பிறகு ஏவுகணை. ஒவ்வொன்றுக்கும் குறைந்தது பத்து ஆட்டமாவது விடுங்கள். புள்ளி மாற்றத்தை ஏவுகணையோடு சேர்த்தே போடுங்கள், இல்லையென்றால் பின்கதவு சொன்னது நடந்துவிடும்.

அதற்கும் முன்னால் ஒரு சோதனை. நிஜ வண்டியில் கவசத் துளைப்பு 160, வெடிரவுண்டு 340 என்று தனித்தனிப் பட்டைகளில் இருக்கும். 160-ஐயும் விடாமல் சுட்டு ஸ்டாப்வாட்சில் பாருங்கள். நிமிடத்துக்கு 550 என்றால் 17.5 விநாடி ஆக வேண்டும். 24 விநாடி ஆனால் கோளாறு சர்வரில்: ரவுண்டுகளுக்கு இடையிலான 109 மில்லிவிநாடியை, விநாடிக்கு 20 டிக் ஓடும் சர்வர் (50 மில்லிவிநாடிக்கு ஒருமுறைதான் கணக்குப் போடும்) 150 ஆக உயர்த்திவிடுகிறது. கோப்பில் 550 என்று எழுதியிருந்தாலும் களத்தில் கிடைப்பது 400தான். அப்படியிருந்தால் இடைவெளியை 100 மில்லிவிநாடி என்றே எழுதி, சேதத்தை 20 ஆக வையுங்கள். விநாடிக்கு 200 கச்சிதமாக வரும்.